காலரில் தைத்த கடிதம்

ப்ரோனியா அடுப்பின் இரும்புக் கதவைத் திறந்து, இரண்டாய் மடித்த காகிதத்தை நிலக்கரியின் மேல் போட்டாள். போட்ட கையோடு கதவைச் சாத்திவிட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தாள். கை நகரவில்லை.

கரி அப்போதுதான் பற்றத் தொடங்கியிருந்தது. காகிதம் குப்பென்று எரியவில்லை. ஓரம் மட்டும் கறுத்து, மெல்லச் சுருண்டு, யாரோ விரலை மடக்குவது போல உள்நோக்கி வளைந்தது.

கடிகாரத்தில் ஒன்பதாக ஐந்து நிமிடம். பத்து மணிக்கு அருங்காட்சியகத்து ஆள் வந்துவிடும்.

“சீக்கிரம் எரிஞ்சு போயேண்டி காஸியா...”

சொன்ன பிறகுதான் சொன்னது அவள் காதில் விழுந்தது.

காஸியாவை ஒருமுறை எரித்தாகிவிட்டது. போர்க்காலத்தில், ஜெர்மன்காரர்களின் சிறைமுகாம் மதிலுக்கு அந்தப் பக்கம், சுட்டுப்போட்ட மறுநாள். அந்தப் புகையை ப்ரோனியா வரிசையில் நின்று பார்த்திருக்கிறாள். இப்போது இரண்டாம் முறை... அதுவும் தன் கையால்.

எழுபத்தாறு வயதுக் கை அடுப்புக்குள் பாய்ந்தது. கரித்துண்டு இரண்டு தரையில் உருண்டன. கடிதம் கைக்கு வந்துவிட்டது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வெந்த வலி ஒரு விநாடி தாமதமாகத்தான் வந்தது.

அதே விநாடியில் படிக்கட்டில் காலடிச் சத்தம். இரண்டு பேர். வாசல் கதவில் சாவி திரும்பும் சத்தம்.

சாவி வைத்திருப்பவள் ஒருத்திதான். மிர்கா.

ப்ரோனியா சமையலறையைச் சுற்றிப் பார்த்தாள். மேசை மேல் வைக்க முடியாது. ஏப்ரனில் பை இல்லை. கைக்கு எட்டிய வெள்ளை எனாமல் டப்பாவைத் திறந்து, கடிதத்தைப் போட்டு மூடினாள். கரித்துண்டுகளைக் காலால் அடுப்பின் அடியில் தள்ளினாள்.

“சித்தி... ஒரு மணி நேரம் முன்னாடியே வந்துட்டோம்,” என்றபடி மிர்கா உள்ளே வந்தாள். ஐம்பத்தாறு வயது. கூந்தலை இறுக்கிக் கட்டி, தோளை நிமிர்த்தி நடக்கும் பள்ளிக்கூட ஆசிரியை.

“நீ பொறந்ததே எட்டு மாசத்துலதானே,” என்றாள் ப்ரோனியா, வெந்த கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு. “உனக்கு எப்பவுமே அவசரம்.”

“எங்கம்மா சொன்னாங்களா?”

“ஆமா. அவதான் சொன்னா.”

மிர்காவின் முகம் சட்டென்று மூடிக்கொண்டது. காஸியாவைப் பற்றிய பேச்சு அந்த வீட்டில் எப்போதும் அங்கேயே நின்றுவிடும்.

பின்னால் வந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். தோளில் கனமான பை. “நான் எவெலினா, பானி ப்ரோனியா. நேத்து போன்ல பேசினேனே,” என்றாள், ‘பானி’ என்று மரியாதையாக விளித்து.

மறக்க முடியுமா அந்த போனை? தேனாய்ப் பேசிவிட்டு, கடைசியில் போகிறபோக்கில் சொன்னாள் எவெலினா. ‘உங்க ஊர்ப் பொண்ணுங்க கடிதத்து வரிகளுக்கு நடுவுல சிறுநீர்ல தொட்டு ரகசியமா எழுதுவாங்க, வீட்டுல இஸ்திரி போட்டா அது பழுப்பா எழும்பி வரும்னு தெரியும். ஆனா தயவுசெஞ்சு இனிமே யாரும் இஸ்திரி போடாதீங்க. காகிதம் செத்துடும். எங்க கிட்ட ஊதா விளக்கு இருக்கு. உங்க துணிமணி, தையல், மடிப்பு எல்லாத்தையும் நூல் நூலாப் பார்ப்போம். ஒளிஞ்சிருக்கிறது எதுவும் தப்பாது.’

அந்தக் கடைசி வார்த்தைகளுக்குப் பிறகு ப்ரோனியா தூங்கவில்லை.

கூடத்து மேசையில் வெள்ளைத் துணி விரித்திருந்தது. மேலே அவளுடைய நாலு வருட முகாம் வாழ்க்கை வரிசையாகக் கிடந்தது. கோடு போட்ட மேல்சட்டை. மரக்கட்டை அடிவைத்த செருப்பு. பிடி முறிந்த கரண்டி. பல் தேய்க்கும் பிரஷ்ஷின் பிடியில் செதுக்கிய, சுண்டுவிரல் நகம் அளவு நாய்க்குட்டி. தன் அம்மாவுக்கு எழுதிய பதின்மூன்று கடிதங்கள். எல்லாவற்றிலும் மேலே முகாம் விதித்த ஜெர்மன் வரிகள், ‘நலமாக இருக்கிறேன், சுகமாக இருக்கிறேன்’ என்று. நடுநடுவே இஸ்திரிச் சூட்டில் எழும்பிய பழுப்பு வரிகள், இன்றைக்கு யாரைச் சுட்டார்கள் என்று.

எவெலினா வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டாள்.

“கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கே,” என்றாள் ப்ரோனியா. “அந்தச் சட்டைய நாங்க பேனோட போட்டிருந்தோம்மா. அதைத் தொட இவ்வளவு மரியாதையா?”

எவெலினா சிரித்தாள். “துவைச்சீங்களா?”

“ஒரு தடவை கூட இல்ல.”

“கும்பிடணும் உங்களை. பாதி வீட்டுல துவைச்சு, கஞ்சி போட்டுக் குடுக்கறாங்க. அழுக்குதான் எங்களுக்குச் சாட்சி.”

மிர்கா ஜன்னல் பக்கம் நின்று மூக்கைச் சுளித்தாள். “என்ன தீய்ஞ்ச வாசனை?”

“கரி ஈரம்.”

“கரி வாசனை எனக்குத் தெரியாதா? காகிதம் தீய்ஞ்ச வாசனை.”

எவெலினா சட்டையின் காலரை இரண்டு விரலால் தூக்கி, பைக்குள்ளிருந்து எடுத்த உருப்பெருக்கியை அதன்மேல் வைத்திருந்தாள். அவள் சிரிப்பு போய்விட்டது.

“இந்தத் தையலை யாரு பிரிச்சது?”

அவள் காலரை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

“நூல் ஐம்பது வருஷப் பழசு. வெட்டுன முனை மட்டும் வெள்ளையா இருக்கு. இன்னிக்குத்தான் பிரிச்சிருக்காங்க. உள்ள பாருங்க, நீளமா ஒரு இடம் அழுக்கே படாம இருக்கு. ஏதோ மடிச்சு வெச்சிருந்திருக்கு.”

மிர்கா ஜன்னலைவிட்டு நகர்ந்தாள். ஒவ்வொரு அடியும் தரைப்பலகையில் கேட்டது.

“உள்ள என்ன இருந்துச்சு, சித்தி?”

“ஒண்ணுமில்ல.”

“கையக் காட்டுங்க.”

“மிர்கா...”

“காட்டுங்க சித்தி.”

முதுகுக்குப் பின்னால் இருந்த கையை மிர்கா தானே இழுத்துத் திருப்பினாள். கட்டைவிரலில் கொப்புளம். நகத்துக்குள் கரி. அவள் சமையலறைக்குப் போய் அடுப்பைத் திறந்து பார்த்தாள். உள்ளே கரி மட்டும் சிவந்துகொண்டிருந்தது. காகிதச் சாம்பல் இல்லை.

“எரிக்கலை. அப்ப எங்க?”

அலமாரியில் வெள்ளை எனாமல் டப்பா இருந்தது. அதன் மூடியில் கறுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை.

மிர்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது ரொட்டி டப்பா. இந்த வீட்டில் ப்ரோனியா தனக்காக ஒருபோதும் திறக்காத ஒரே சாமான்.

மற்றவர்களுக்கு ரொட்டி வெட்டிக் கொடுப்பாள். வெட்டும் முன் கத்தி முனையால் சிலுவை போடுவாள். துண்டு கீழே விழுந்தால் எடுத்து முத்தமிடுவாள். ஆனால் அவள் வாயில் ஒரு துணுக்கு போனதில்லை. உருளைக்கிழங்கும் கஞ்சியும்தான் அவள் சாப்பாடு, ஐம்பது வருடமாக. வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்பாள். மிர்கா சிறுமியாக இருந்தபோது அதற்கு வேறு அர்த்தம் கண்டுபிடித்திருந்தாள். எங்கள் வீட்டு ரொட்டியைத் தொட இவளுக்கு அருவருப்பு. இவள் இங்கே குடும்பம் நடத்த வந்தவள் இல்லை, தங்க வந்தவள்.

மூடியைத் திறந்தாள்.

ஓரம் கருகிய கடிதம். முகவரியின் எழுத்தை அவளுக்குப் பிறந்த நாளிலிருந்து தெரிந்தது போலத் தெரியும். அப்பா பத்திரமாக வைத்திருந்த ஆறு கடிதங்களில் அந்த எழுத்தைத்தான் அவள் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றாள்.

“இது... எங்கம்மா எழுத்து.”

ப்ரோனியா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆறாவது கடிதத்துல எழுதியிருந்தாங்க. ‘முக்கியமான விஷயத்தை அடுத்த மாசம் சொல்றேன்’னு. அடுத்த மாசம் வரவே இல்ல. அப்பா சாகிற வரைக்கும் அதையே கேட்டாரு. ஆஸ்பத்திரிக் கட்டில்ல, உங்க கையப் பிடிச்சுக்கிட்டு கேட்டாரே... காஸியா கடைசியா எதுவும் சொல்லலையா ப்ரோனியான்னு. நீங்க என்ன பண்ணீங்க?”

“இல்லைன்னு தலையாட்டினேன்.”

“இது அப்ப எங்க இருந்துச்சு?”

“பீரோவுல. சட்டைக் காலர்ல.”

“நாலு அடி தூரத்துல.” மிர்காவின் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் ப்ரோனியா தாங்கியிருப்பாள். “ஏன் சித்தி?”

ப்ரோனியா முக்காலியில் உட்கார்ந்தாள்.

“அந்தக் கடிதத்தை அவ எழுதி முடிச்ச மறுநாள் காலையில அவ பேரைக் கூப்பிட்டாங்க. தபால்ல போட்டா செத்தவ கடிதம்னு கிழிச்சிடுவாங்க. வரிசைக்குப் போறதுக்கு முன்னாடி என் கையில திணிச்சா. ‘உன்னைப் பத்தி எல்லாத்தையும் எழுதிட்டேன், கொண்டுபோய் யூலியான்கிட்ட குடு’ன்னா, உங்கப்பாகிட்ட. சிரிச்சா. என்ன சிரிப்புன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல.”

“அப்புறம்?”

“ரெண்டு வருஷம் காலர்ல தைச்சு வெச்சிருந்தேன். நாப்பத்தஞ்சுல நேரா இந்த வீட்டுக்குத்தான் வந்தேன், குடுக்கறதுக்கு. கதவைத் திறந்தது நீ. தலையெல்லாம் சிக்கு. ஆறு வயசு. ‘நீங்கதான் எங்கம்மாவா?’ன்னு கேட்டே. சாயங்காலம் குடுக்கலாம்னு முதல்ல உன் தலையை வாரினேன். சாயங்காலம் ஆச்சு. நாளைக்குன்னு நினைச்சேன்...”

“நாளைக்கு, நாளைக்குன்னு எங்கப்பாவையும் கட்டிக்கிட்டீங்க.”

அறை வாங்கியது போல ப்ரோனியாவின் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. “ஆமா.”

“நீங்க படிச்சீங்களா?”

“இல்ல. இஸ்திரிப்பெட்டியை எத்தனையோ தடவை சூடு பண்ணியிருக்கேன். வெச்சதில்ல. பயம்.”

“என்ன பயம்?”

ப்ரோனியா பதில் சொல்லும் முன் எவெலினா தயங்கித் தயங்கி அருகே வந்தாள். “பானி மிர்கா... அதை மடக்காதீங்க. அடுப்புச் சூட்டுல மேல்பாதி எழும்பியிருக்கு. பாருங்க.”

மிர்கா பிரித்தாள். மேல்பாதியில், ‘நலமாக இருக்கிறேன்’ என்ற ஜெர்மன் வரிக்குக் கீழே, பழுப்பாகப் பொடி எழுத்துகள். அவளே வாய்விட்டுப் படித்தாள், வகுப்பில் படிப்பது போல நிறுத்தி நிறுத்தி.

“யூலியான், இதுதான் கடைசிக் கடிதம். ப்ரோனியாவைப் பற்றி உனக்கு ஒன்று தெரிய வேண்டும். நேற்று விளக்கணைத்த பிறகு அவள் என் ரொட்டியைத் திருடினாள். நான் காய்ச்சலில் கிடந்தேன். தூங்குகிறேன் என்று நினைத்துத் தலைமாட்டிலிருந்து எடுத்துத் தின்றாள். நான் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தேன். அவளுக்கு அது தெரியாது. இதை உனக்கு எழுதக் காரணம்...”

அதற்குக் கீழே காகிதம் வெறுமையாக இருந்தது.



“காய்ச்சல்ல கிடந்தவ ரொட்டி,” என்றாள் மிர்கா. “மறுநாள்விட்டு மறுநாள் அவங்களைச் சுட்டுட்டாங்க. வெறும் வயித்தோட போனாங்களா எங்கம்மா?”

“ஆமா.” ப்ரோனியா மறைக்கவில்லை. “எம்மேல சத்தியமா, ஒரு வாய்தான் எடுக்கணும்னு நினைச்சேன். கை நிக்கல. ஒரு துணுக்கு மிச்சம் வைக்கல. காலையில அவ தலைமாட்டைத் தடவிப் பார்த்தா. எதுவும் கேக்கல. நானும் சொல்லல. அவ்வளவுதான் மிர்கா. அதுதான் பயம்.”

“அதனாலதான் நீங்க ரொட்டி...”

“அதனாலதான்.”

மிர்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “நான் என்ன நினைச்சிருந்தேன் தெரியுமா, இத்தனை வருஷமா...” முடிக்கவில்லை. “இருந்தாலும் சித்தி, அப்பாகிட்டயாவது சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. எங்கம்மா குரல் அதுல இருந்துச்சு. அதை எங்ககிட்டேருந்து எடுத்துட்டீங்க. ரொட்டி கூடப் பசியில எடுத்தீங்க. இதை?”

ப்ரோனியா எழுந்து, ஆணியில் மாட்டியிருந்த கோட்டை எடுத்தாள். வெந்த விரல்களால் பொத்தான் போட வரவில்லை. இரண்டு முறை முயன்று, விட்டுவிட்டாள்.

“எங்க கிளம்பறீங்க?”

“இது உங்கப்பா வீடு. உங்கம்மா வாழ்ந்த வீடு. எனக்குத் தெரிஞ்ச கன்னிமாடம் ஒண்ணு இருக்கு, வயசானவங்களைச் சேர்த்துக்கறாங்க. சாமான் எல்லாத்தையும் அந்தப் பொண்ணு எடுத்துக்கட்டும். அருங்காட்சியகத்துல சாமான் பக்கத்துல வைக்கிற சீட்டுல என் பேர் போட வேணாம்னு சொல்லிடு. திருடி பேரு அங்க எதுக்கு?”

“பானி ப்ரோனியா,” என்றாள் எவெலினா. “கடிதம் இன்னும் முடியல. கீழ்ப்பாதி சூடு படாத பக்கம். எழுத்து இருக்கலாம். என்கிட்ட விளக்கு இருக்கு.”

“வேணாம்,” என்றாள் மிர்கா உடனே. “படிச்சது போதும்.”

“இல்ல.” வாசல் கதவில் கை வைத்தபடி ப்ரோனியா திரும்பினாள். முதுகு நேராக இருந்தது, பெயர் கூப்பிடும் வரிசையில் நிற்பது போல. “மிச்சத்தையும் படி. அவ என்ன சொல்லியிருந்தாலும் நின்னு கேட்டுட்டுத்தான் போவேன். அவ உயிரோட இருந்து திட்டியிருந்தா கேட்டிருப்பேன்ல? அதுதான் இது.”

எவெலினா ஜன்னல் திரைகளை இழுத்தாள். கூடம் இருண்டது. வெள்ளைத் துணிமேல் கோடு போட்ட சட்டை மட்டும், யாரோ படுத்திருப்பது போல வெளிறித் தெரிந்தது. கைக்கு அடக்கமான ஊதா விளக்கு ‘க்ளிக்’கென்று எரிந்தது. கடிதத்தின் கீழ்ப்பாதியில் ஒன்றுமில்லை. ஒரு நொடி... இரண்டு நொடி... பிறகு, குளத்தடியிலிருந்து ஏதோ மேலெழுவது போல எழுத்துகள் வந்தன.

மிர்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள்.

“இதை உனக்கு எழுதக் காரணம், ப்ரோனியா தானாக உன்னிடம் சொல்ல மாட்டாள். சொல்லாமலே செத்துப்போவாள். அவள் அப்படிப்பட்டவள். நாய்க்குட்டி பொம்மை செய்திருக்கிறாள், நம் மிர்காவுக்காக...”

மிர்கா நிமிர்ந்தாள். மேசைமேல் இருந்த நகத்தளவு நாய்க்குட்டியைப் பார்த்தாள். “எனக்கா? எனக்குக் குடுக்கவே இல்லையே...”

“அதைக் குடுத்தா, யாரு செஞ்சது, எதுக்குன்னு கேப்பே,” என்றாள் ப்ரோனியா கதவோரத்து இருட்டிலிருந்து. “அப்புறம் எல்லாத்தையும் சொல்லணும்.”

மிர்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு தொடர்ந்தாள்.

“இந்தக் கடிதத்தை அவள்தான் கொண்டுவருவாள். அவளைப் போகவிடாதே. அவளுக்கு இனி யாரும் இல்லை. மிர்காவுக்கு ஒரு அம்மா வேண்டும், நான் வரமாட்டேன். மிர்காவின் தலையை அவள் வாரிவிடட்டும், நான் சிக்கெடுத்தால் கத்துவாள், இவள் கை மெதுவான கை. அவள் வந்ததும் எதுவும் கேட்காதே. முதலில் ரொட்டி வெட்டிக் கொடு. வாங்க மாட்டேன் என்பாள்...”

மிர்கா நிறுத்தினாள். இன்னும் மூன்று வரி பாக்கி. அவளால் படிக்க முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். தான் வாங்கிவந்த பையிலிருந்து கறுப்பு ரொட்டியை எடுத்தாள். கத்தி முனையால் அடியில் சிலுவை போட்டாள். முதல் துண்டை, அந்த வீட்டில் எப்போதும் தனக்கே கிடைத்த மொறுமொறுப்பான நுனித் துண்டை வெட்டி, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

“வாங்கிக்கோங்க.”

ப்ரோனியா தலையை ஆட்டினாள். “வேணாம் மிர்கா. என்னால முடியாது. அவ வெறும் வயித்தோட...”

“வாங்கிக்கோங்கம்மா.”

ஐம்பது வருடத்தில் ‘அம்மா’ என்ற சொல் அந்த வீட்டில் இப்போதுதான் ப்ரோனியாவைப் பார்த்துச் சொல்லப்பட்டது. அவள் கை பாதி தூரம் உயர்ந்தது. அங்கேயே நின்றது.

“திருடின கை... இது வாங்காது.”

ஊதா வெளிச்சத்துக்கு மேல் குனிந்திருந்த எவெலினா, மிச்ச மூன்று வரிகளைத் தாழ்ந்த குரலில் படித்தாள்.

“வாங்க மாட்டேன் என்றால் இதைச் சொல். சுடப்படப் போகிறவர்களின் பட்டியலில் என் பெயர் இருப்பது அன்று சாயங்காலமே எனக்குத் தெரிந்துவிட்டது, எழுத்தர் அறையில் வேலை செய்பவள் வந்து சொன்னாள். நானாகக் கொடுத்தால் ப்ரோனியா தொட மாட்டாள், அதனால்தான் ரொட்டியை அவள் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்துவிட்டு, அவள் எடுக்கிறவரை தூங்குவது போல் கிடந்தேன்.”